நடமாடும் வீட்டில் குளிர்ச்சி

வீடு என்பது நிற்பது. வண்டி என்பது ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கொள்ளும் எண்ணம் நமக்கு முற்றிலும் புதியதன்று. நெடுவழி சென்ற நம் முன்னோர், கிடுகினால் கூடாரம் வேய்ந்த மாட்டு வண்டியிலே பாய் விரித்துப் படுத்து, பானை சட்டிகளைக் கூடவே கொண்டு சென்று, மர நிழல் கண்ட இடத்தில் உலை வைத்து உண்டு பயணம் செய்தனர். இன்று மாட்டு வண்டியின் இடத்தை வேனும் பஸ்ஸும் பிடித்துக்கொண்டன. பழைய பஸ் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்தி, அதனை ஊர்தி வீடாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவி வருகின்றது. கேரவன் என்று பலரும் அதனை வழங்குவர். அண்டை நாட்டின் கேரள மாநிலம் இத்தகைய ஊர்திகளைச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தும் கொள்கை ஒன்றை 2021ஆம் ஆண்டில் அறிவித்தது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவிலை நோக்கிச் செல்லும் நம் கரையோரப் பெருந்தெருவில் ஊர்தி வீடு இன்னும் அரிய காட்சியே. ஆயினும், தொலைதூரப் பயணம் போன வேன் சாரதி, இரவிலே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே உறங்குவது அரிய காட்சியன்று. ஆகவே, நடமாடும் சிற்றறை ஒன்றை எவ்வாறு குளிர்விப்பது என்னும் பொருள் நம் எல்லாருக்கும் உரியதே. தகரக் கூரையின் கீழ்ச் சிறு கடை நடத்துவோருக்கும் இதிற் பெரும்பகுதி பயன்படும்.

இப்பொருளைப் பற்றி எண்ணும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. அறைக்குள் வெப்பம் எங்கிருந்து வருகின்றது? குளிரூட்டும் பொறி அவ்வெப்பத்தை என்ன செய்கின்றது? அப்பொறியை இயக்கும் வலு எங்கிருந்து கிடைக்கின்றது? முதல் இரண்டு வினாக்களுக்கும் பிழையான விடை கண்டால் பணம் வீணாகும். மூன்றாவதற்குப் பிழையான விடை கண்டால் உயிரே போய்விடக் கூடும். 2024ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, கேரளத்தின் வடகரை என்னும் ஊரில், தெருவோரம் நிறுத்தப்பட்டிருந்த ஊர்தி வீடு ஒன்றினுள் இருவர் இறந்து கிடக்கக் காணப்பட்டனர். அவர்களுடைய உயிரைப் போக்கியது எதுவென்பதை உரிய இடத்திற் கூறுவேன். முதலில் வெப்பத்தின் வரவைப் பார்ப்போம்.

குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் குறைந்த நிலையையே நாம் குளிர் என்கிறோம். எந்தப் பொறியும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே அதன் தொழில். ஓட்டைத் தோணியிலிருந்து நீரை இறைப்பவனுக்கு ஒப்பானது அது. நீரை இறைப்பதற்கு முன் ஓட்டையை அடைப்பவனே அறிவுடையவன். அடைக்காமல் இறைப்பவனுக்கு எத்துணைப் பெரிய வாளி கொடுத்தாலும் போதாது.

ஊர்தி வீட்டில் அந்த ஓட்டை மிகப் பெரியது. நம் கரையிலே கச்சான் காற்று வீசும் காலத்தில், பகல் வெப்பம் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு பாகை செல்சியசைத் தொடுவது வழக்கம். நண்பகல் வெயில் தெளிவான வானிலிருந்து ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1000 வாற்று வலுவைச் சொரிகின்றது. ஆறு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் உடைய வண்டியின் கூரை பன்னிரண்டு சதுர மீற்றர். அதன்மேல் விழுவது 12,000 வாற்று. கூரை கறுப்பாயின் அதிற் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வெண்மையாயின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே, குளிரூட்டி வாங்குவதற்கு முன் வாங்கவேண்டிய பொருள் ஒரு வாளி வெள்ளைப் பூச்சு என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுத்தது வெப்பக் காப்பு. இரும்புத் தகடு வெப்பத்தைத் தடுக்க அறியாது. வெளியே உள்ள சூட்டை அப்படியே உள்ளே கடத்திவிடும். கிடுகுக் கூரையின் கீழ் நாம் குளிர்ச்சியை உணர்வதற்குக் காரணம், ஓலைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாதிருக்கும் காற்றே. அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. இக்கால ஊர்திகளில் தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே வைக்கும் நுரைத் தகடும் இதே வேலையைத்தான் செய்கின்றது. அதன் நுண்ணறைகளுக்குள் காற்றோ வேறு வாயுவோ சிறைப்பட்டிருக்கின்றது.

இதன் பயனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மேற்சொன்ன ஆறு மீற்றர் வண்டியின் உயரம் இரண்டு மீற்றர் என்று கொள்வோம். கூரையும் நாற்புறச் சுவர்களும் சேர்ந்து நாற்பத்து நான்கு சதுர மீற்றர் ஆகும். வெளியே 35 பாகையும் உள்ளே 25 பாகையும் இருக்குமாயின், வெறுந்தகட்டின் வழியாக உட்புகும் வெப்பம் ஏறத்தாழ 2600 வாற்று. இருபத்தைந்து மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலக் கனமுள்ள நல்ல நுரைத் தகட்டை எங்கும் இடைவெளியின்றிப் பதித்துவிட்டால் அது 500 வாற்று அளவுக்கு இறங்கிவிடும். வெயில் காய்ச்சும் கூரையின் சூட்டை இதிற் சேர்க்கவில்லை. சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். ஓர் அங்குல நுரை ஐந்தில் நான்கு பங்கு உழைப்பை மிச்சப்படுத்துகின்றது. அதற்கு மின்சாரமும் வேண்டாம். பழுது பார்ப்போனும் வேண்டாம்.

கண்ணாடி மூன்றாவது வாயில். வெயிலின் ஒளி கண்ணாடியை ஊடுருவி உள்ளே வந்து, இருக்கையையும் தரையையும் சுடச் செய்கின்றது. அச்சூடு மீண்டும் வெளியேற முற்படும்போது கண்ணாடி அதற்கு வழிவிடுவதில்லை. வெயிலில் நிறுத்திய காரைத் திறந்தவுடன் முகத்தில் அறையும் அனல் இவ்வாறு திரண்டதே. மினுமினுக்கும் தகட்டுத் திரையைக் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் இடுவது சிறந்தது. உட்புறத்தில் இடுவது அதற்கு அடுத்தது. இவற்றோடு, உள்ளே இருக்கும் மனிதர் ஒவ்வொருவரும் ஓய்ந்திருக்கும்போதே ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றனர் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். நால்வர் படுத்துறங்கும் சிற்றறையில் 400 வாற்று அடுப்பொன்று விடிய விடிய எரிவதாகவே எண்ணலாம்.

இனி, பொறியின் தொழிலைப் பார்ப்போம். மண்பானை நீர் குளிர்ந்திருப்பது ஏன்? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கும். ஆவி மீண்டும் திரவமாகும்போது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். இந்த ஒரு நியதியின்மேல்தான் குளிரூட்டி முழுவதும் நிற்கின்றது. பானை நீர் ஆவியாகிப் போய்விடுகின்றது. பொறியிலோ அதே பொருள் மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றது. அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் அது ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. கொம்பிரசர் என்று நாம் வழங்கும் அமுக்கி அவ்வாவியை நெருக்கிச் சூடேற்றி வெளியே உள்ள சுருளுக்குத் தள்ளுகின்றது. அங்கே அது வெப்பத்தைக் கொட்டித் திரவமாகி, ஒடுங்கிய வழியொன்றின் ஊடாக அழுத்தம் தணிந்து மீண்டும் உள்ளே வருகின்றது. அறைக் காற்றிலுள்ள ஈரமும் குளிர்ந்த சுருளில் நீராகப் படிந்து வடிகின்றது. கடற்கரை ஊர்களில் இந்த ஈரம் நீங்குவதே பாதிச் சுகம். 1902ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் வில்லிஸ் கரியர் இக்காலக் குளிரூட்டிக்கு வித்திட்டதும், நியூயோர்க்கின் அச்சகம் ஒன்றில் காகிதத்தைக் கெடுத்த ஈரத்தை அடக்குவதற்காகவே.

ஊர்தி வீடுகளின் கூரையில் துளையிட்டு, முழுப் பொறியையும் மேலே ஏற்றி வைப்பது பழைய முறை. அமுக்கியின் இரைச்சல் தலைக்கு மேலேயே கேட்கும். கூரைத் துளையில் மழைநீர் கசியக் கூடும். மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும். வீடுகளிற் பொருத்தும் ஸ்பிளிட் என்னும் இரு கூறுடைய குளிரூட்டியையே ஊர்தியில் அமைத்துக்கொள்வது பலர் இன்று நாடும் முறை. குளிர்ந்த சுருளும் விசிறியும் ஒரு கூறாக உள்ளே இருக்கும். அமுக்கியும் சூடான சுருளும் மறு கூறாக வெளியே இருக்கும். இரண்டையும் செப்புக் குழாய் இரண்டும் மின்கம்பியும் இணைக்கும். சுவரில் மணிக்கட்டுப் பருமன் அளவில் ஒரு துளை போதும்.

இவ்வகையிலும் இன்வேட்டர் என்னும் அடைமொழி பெற்றதையே தெரிந்தெடுக்க வேண்டும். பழைய அமுக்கி முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இடைநிலை அதற்குத் தெரியாது. நிற்கும் ஒவ்வொரு முறையும் மீண்டும் தொடங்கும்போது, ஓடும்போது வேண்டியதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கும். இன்வேட்டர் அமுக்கியோ மெல்லத் தொடங்கி, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும். யப்பானின் தொஷிபா நிறுவனம் 1981இல் இதனை வீட்டுக் குளிரூட்டியிற் புகுத்தியது. நல்ல இன்வேட்டர் குளிரூட்டி ஒரு வாற்று மின்வலுவைக் கொண்டு மூன்று அல்லது நான்கு வாற்று வெப்பத்தை வெளியேற்றும். இங்கே ஒரு சொன்மயக்கத்தை நீக்கிவிடுவது நலம். மின்கலத்தின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டிக்கும் கடைகளில் இன்வேட்டர் என்றே பெயர். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. வாங்கச் செல்பவர் எதனைக் கேட்கிறோம் என்பதைத் தெளிந்து கேட்கவேண்டும்.

பொறியின் அளவு எவ்வளவு? கடைகளில் 9000, 12,000 என்று பிரித்தானிய வெப்ப அலகுக் கணக்கிற் சொல்வர். 12,000 என்பதை ஒரு தொன் என்பதும் உண்டு. ஒரு தொன் பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தின் வீதமே அது. பனிக்கட்டி விற்ற காலத்தின் எச்சமாக நிற்கும் அளவு. 9000 என்பது 2600 வாற்றுக்கு ஒப்பாகும். நாம் கணக்கிட்ட வண்டிக்கு, நுரைக் காப்பும் வெள்ளைக் கூரையும் கண்ணாடித் திரையும் அமைந்துவிட்டால், மனிதர் வெப்பத்தையும் சேர்த்து 9000 அளவுள்ள சிறு பொறியே போதும். காப்பின்றி விட்டால் 12,000 உடையதும் நண்பகலில் மூச்சுத் திணறும். பெரிய பொறி எப்போதும் நன்று என்று எண்ணுவதும் தவறு. அளவுக்கு மிஞ்சிய பொறி அறையைச் சடுதியிற் குளிர்வித்து நின்றுவிடும். ஈரம் வடிய அவகாசம் இராது. குளிர்ந்தும் பிசுபிசுக்கும் அறையே மிஞ்சும். வெப்பநிலையை 24 பாகைக்குக் கீழே இறக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு முதல், அறைக் குளிரூட்டிகள் 24 பாகையிலே தொடங்கும்படி அமைக்கப்படவேண்டும் என்று விதித்துள்ளனர்.

பொருத்தும் பணிக்கு வருவோம். வீட்டுச் சுவர் ஆடாது. வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கென்று செய்த பொறியை ஊர்தியில் அமைக்கும்போது எழும் தொல்லைகளிற் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிற் பிறந்தவை. செப்புக் குழாய் ஓயாத அதிர்வினால் இறுகி, இணைப்பு மூட்டுக்களில் வெடிப்புக் காணும். ஆகவே குழாயை நேராக இழுத்துப் பூட்டாமல், இடையிலே வளையமாகச் சுற்றி, அதிர்வை ஏற்கும் நெகிழ்ச்சி கொடுக்கவேண்டும். வெளிக்கூறு தடித்த இறப்பர் அடிகளின்மேல், வண்டியின் சட்டத்தோடு பிணைத்த இரும்புத் தாங்கியில் அமரவேண்டும். உட்கூற்றை மெல்லிய தகட்டில் திருகாணியால் தொங்கவிடக் கூடாது. வண்டியின் விலா எலும்பு போன்ற சட்டங்களிலேயே பூட்டவேண்டும்.

வெளிக்கூற்றைப் பெரும்பாலும் வண்டியின் பின்புறத்தில் அமைப்பர். அது கொட்டும் சூடான காற்று தடையின்றி அகலவேண்டும். அழகு கருதிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால், தான் கொட்டிய வெப்பத்தைத் தானே மீண்டும் உறிஞ்சி அது தளர்ந்துவிடும். கரையோர ஊர்களில் வாழும் நாம் இன்னொன்றையும் மறக்கலாகாது. கடற்காற்றிலுள்ள உப்பு, வெளிச்சுருளின் அலுமினியத் தகடுகளை அரித்துத் தின்னும். பொறியை நிறுத்தி, மின் இணைப்பையும் துண்டித்தபின், நன்னீரால் அச்சுருளை மெல்லக் கழுவிவிடுதலை வழக்கமாக்கிக்கொண்டால் அதன் ஆயுள் நீளும். உட்கூற்றிலிருந்து நீர் வடியும் குழாய்க்குப் போதிய சரிவு வேண்டும். வண்டி சாய்ந்த நிலத்தில் நிற்கும்போதும் நீர் வெளியே ஓடுகின்றதா என்று பார்க்கவேண்டும். இன்றேல் அது கட்டிலில் வடியும்.

குளிர்பொருளைக் கையாள்வது பயிற்சி பெற்ற தொழிலாளிக்கே உரிய பணி. குழாய்களை இணைத்தபின், உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பியினால் முற்றாக வெளியேற்றிய பின்னரே குளிர்பொருளைத் திறந்துவிட வேண்டும். கசிவைச் சோதிப்பதற்கு உலர்ந்த நைதரசனையே செலுத்தவேண்டும். ஒட்சிசனைச் செலுத்தினால் அமுக்கியின் எண்ணெயோடு கலந்து வெடிக்கும். இன்று பல குளிரூட்டிகளில் வரும் ஆர்-32 என்னும் குளிர்பொருள், தனக்கு முன் வழங்கிய ஆர்-410ஏ என்பதைக் காட்டிலும் புவியைச் சூடாக்கும் தன்மையில் மூன்றில் ஒரு பங்கே கொண்டது. 2016இல் கிகாலி நகரிற் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, புவியைச் சூடாக்கும் குளிர்பொருள்களை உலக நாடுகள் படிப்படியாகக் குறைத்து வருகின்றன. ஆயினும் ஆர்-32 சிறிதளவு தீப்பற்றும் இயல்புடையது. சிற்றறையில் அது கசிந்து தேங்குவது தீது. உட்கூறு உள்ள இடத்தில் மூட்டுக்கள் செம்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேயர்களே, இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். பொறியை இயக்கும் வலு எங்கிருந்து வருகின்றது? ஊர்தி நிற்கும் இடத்தில் வீட்டு மின்சாரம் கிடைத்தால் அதுவே எளிய வழி. நம் நாட்டில் அது 230 வோல்ற்று. ஈரத் தரையில் இரும்பு வண்டியொன்று நிற்கின்றது என்பதை மறவாமல், புவித்தொடுப்பும், ஒழுக்கு மின்னைக் கண்டவுடன் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம் இருக்கவேண்டும்.

மின்சாரம் கிடையாத இடத்தில் மின்கலம் கைகொடுக்கும். காப்புச் செய்த வண்டியில், சிறிய இன்வேட்டர் குளிரூட்டி இரவு நேரத்தில் சராசரியாக 400 வாற்று உண்ணும் என்று கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 3200 வாற்று மணி. மாற்றும் பெட்டியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 3700. பன்னிரண்டு வோல்ற்று, நூறு அம்பியர் மணி அளவுள்ள இலிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலம் ஒன்று 1280 வாற்று மணியைச் சேமிக்கும். மூன்று இருந்தால் மட்டுமட்டாகப் போதும். நான்கு இருந்தால் மன அமைதியோடு உறங்கலாம். ஈய மின்கலமாயின், நீடித்து உழைக்கவேண்டுமென்றால் அதன் கொள்ளளவிற் பாதியையே பயன்படுத்தலாம். ஆகவே ஆறு அல்லது ஏழு வேண்டும். நிறையும் இருநூறு கிலோகிராமை எட்டும். தடித்த கம்பியும், மின்கலத்தின் அருகிலேயே தக்க உருகியும் இன்றியமையாதவை. பன்னிரண்டு வோல்ற்றில் 600 வாற்றை எடுக்கும்போது கம்பியில் 50 அம்பியர் ஓடுகின்றது; மெல்லிய கம்பி அச்சூட்டில் எரிந்துபோகும்.

அம்மின்கலங்களை நிரப்புவதற்கு நம் நாட்டு வெயிலே இருக்கின்றது. இரண்டு சதுர மீற்றர் பரப்புள்ள 400 வாற்றுச் சூரியத் தகடுகள் நான்கினைக் கூரையில் அமைக்கலாம். மழை முகில் இல்லாத நாளில் அவை ஏறத்தாழ ஆறு அலகு மின்சாரத்தைத் தரும். இரவுத் தேவைக்கு அது போதும். இதில் ஒரு சிறப்பும் உண்டு. தகடுகளைக் கூரையோடு ஒட்டாமல், நான்கு விரற்கடை இடைவெளி விட்டு உயர்த்தி அமைத்தால், அவை கூரைக்குப் பந்தலாகி நிழலும் தரும். நம்மைச் சுடும் வெயிலே குளிரூட்டியை இயக்குகின்றது. அதே வெயில் கூரையைத் தொடாமலும் தடுக்கப்படுகின்றது. முதலிற் செலவு மிகுதி. பின்னர் எரிபொருட் செலவு இல்லை, புகை இல்லை, ஓசை இல்லை.

முதற்செலவுக்கு அஞ்சுவோர் நாடுவது மின்பிறப்பாக்கி. ஜெனரேற்றர் என்றால் அனைவருக்கும் விளங்கும். வடகரையில் நிகழ்ந்தது இங்கேதான். 2024 டிசெம்பரிலே அந்த ஊர்தியில் இருந்த இருவரும் குளிரூட்டியை இயக்கிவிட்டு ஓய்வெடுத்தனர். குளிரூட்டிக்கு மின்சாரம் தந்தது ஊர்தியின் மின்பிறப்பாக்கி. கோழிக்கோட்டிலுள்ள தேசிய தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அந்த ஊர்தியை மீண்டும் இயக்கிச் சோதித்தனர். மின்பிறப்பாக்கி கக்கிய காபனோரொட்சைட்டு என்னும் வாயு, ஊர்தியின் தளத்திலிருந்த துவாரத்தின் வழியே உள்ளே புகுந்தது என்றும், இரண்டு மணி நேரத்தில் உள்ளறைக் காற்றில் பத்து இலட்சத்தில் 957 பங்கு அளவை எட்டியது என்றும் கண்டனர். 800 பங்கே இரண்டு மணி நேரத்தில் ஒருவரை மயக்கமுறச் செய்யப் போதுமானது.

காபனோரொட்சைட்டு பெற்றோல், டீசல், எரிவாயு, விறகு, கரி ஆகிய எதுவும் முற்றாக எரியாதபோது பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் குருதியில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு அது பிணைந்துகொள்ளும். மூச்சு வந்துகொண்டிருக்கும், காற்றும் உள்ளே போகும், ஆனால் உடலுக்கு ஒட்சிசன் எட்டாது. விழித்திருப்பவனுக்குத் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் என்னும் எச்சரிக்கைகள் தோன்றும். உறங்குபவனுக்கு அவ்வெச்சரிக்கையும் இல்லை. உறக்கம் மயக்கமாகி, மயக்கம் மரணமாகிவிடும்.

இவ்விடத்தில், மக்களிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணத்தைத் தெளிவாக எடுத்துரைக்க விரும்புகின்றேன். குளிரூட்டி ஓடும் அறையில் புதிய காற்று வந்துகொண்டே இருக்கின்றது என்று பலர் நம்புகின்றனர். அது உண்மையன்று. ஸ்பிளிட் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. இரு கூறுகளுக்கும் இடையே சுற்றுவது குழாய்க்குள் அடைபட்ட குளிர்பொருளே. உள்ளே இருக்கும் காற்றை மீண்டும் மீண்டும் இழுத்துக் குளிர்வித்து விடுவதே அதன் பணி. குளிர்ந்த காற்று வேறு. தூய காற்று வேறு. நஞ்சு கலந்த காற்றையும் அது ஒரு வேறுபாடின்றிக் குளிர்வித்துத் தரும். குளிர்ச்சியை நாடி நாம் கதவையும் கண்ணாடியையும் இறுக மூடுகின்றோம். அம்மூடலே உட்புகுந்த நஞ்சை வெளியேறவிடாமற் காக்கும் அரணாகிவிடுகின்றது.

ஆகவே சில விதிகளை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். மின்பிறப்பாக்கியை ஊர்திக்குள்ளேயோ, அதன் அடியிலோ, அதனோடு ஒட்டிய பெட்டியிலோ வைத்துவிட்டு உறங்கலாகாது. அது ஊர்தியிலிருந்து ஏழெட்டு மீற்றருக்கு அப்பால், காற்று ஊர்தியை நோக்கி வீசாத திசையில் நிற்கவேண்டும். கம்பிக்கும் குழாய்க்கும் என்று சுவரிலும் தளத்திலும் இட்ட துளை ஒவ்வொன்றையும் இறப்பர் வளையமும் அடைப்புப் பசையும் கொண்டு முற்றாக மூடவேண்டும். உறங்கும் இடத்தில், காபனோரொட்சைட்டைக் கண்டவுடன் ஒலியெழுப்பும் கருவி ஒன்று இருக்கவேண்டும்; குளிரூட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறியது. மூடிய ஊர்தியில் எரிவாயு அடுப்பையோ கரிச் சட்டியையோ மூட்டலாகாது. காற்று வந்துபோகச் சிறு வழியொன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். நின்ற வேனில் என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு உறங்கும் சாரதிமாருக்கும் இதே ஆபத்து உண்டு. புகைக்குழாயில் ஓட்டை விழுந்திருந்தாலும், சுவரோரம் நிறுத்தியதால் புகை தேங்கினாலும், அந்த உறக்கம் கலையாமலே போகலாம்.

ஊர்தியோடு இது முடிவதுமில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. அத்தகைய வேளைகளில், களவு போய்விடும் என்று அஞ்சி மின்பிறப்பாக்கியைக் கடையின் பின்னறையிலோ வீட்டு விறாந்தையிலோ வைத்து இயக்கும் எண்ணம் எவருக்கும் எழக் கூடும். சங்கிலியிட்டுப் பூட்டியேனும் அதனை வெளியே வைப்பதே அறிவுடைமை.

சுருங்கச் சொல்லின், வரிசை இதுவே. முதலில் வெயிலை வெளியே நிறுத்துக. வெள்ளைப் பூச்சும் நுரைக் காப்பும் கண்ணாடித் திரையும் அதற்குரியவை. அதன்பின் சிறிய, சிக்கனமான, இன்வேட்டர் வகைக் குளிரூட்டியைத் தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு பொருத்துக. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு உரிய திணைக்களத்தின் அனுமதியையும் பெறுக. இறுதியில் அதற்குரிய வலுவைப் புகையில்லாத வழியில் தேடுக. இவ்வரிசையை மாற்றி, பெரிய பொறியை முதலில் வாங்கி, அதன் பசியைத் தீர்க்க மின்பிறப்பாக்கியைத் தேடி, அதனைக் கட்டிலுக்கு அடியில் வைப்போமாயின், பணத்தையும் அமைதியையும் இழந்து, ஈற்றில் உயிரையும் பணயம் வைத்தவராவோம். ஓர் அங்குல நுரைக் காப்பைச் செம்மையாகப் பதித்தவருக்குச் சிறிய பொறி போதும். சிறிய பொறிக்கு நான்கு மின்கலம் போதும். நான்கு மின்கலம் உள்ளவருக்கு இரவில் எந்தப் புகையும் தேவையில்லை. வெயிலைத் தடுப்பதிற் காட்டும் கவனமே இவ்வாறு உறங்குவோரின் உயிருக்குக் காவலாகவும் அமைகின்றது.